பூச்சு இல்லாத ஒரு கார்டு

அன்புள்ள முகுந்தா,

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பெருமாள் கோயிலில் உன் நிச்சயதார்த்தம் முடிந்து, சம்பந்தி வீட்டார் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருந்தபோது நீ ஒரு கதை சொன்னாய். "எங்கம்மா உண்மையைச் சொன்னதுக்காக வேலையையே இழந்தவங்க" என்று ஆரம்பித்தாய். உன் வருங்கால மாமனார் கண்ணை விரித்து என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் பார்த்தாள். நான் காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அம்மாவுக்குக் கூச்சம் என்று நினைத்திருப்பாய். கூச்சமில்லை. நீ சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கதையை நடுவிலிருந்து ஆரம்பித்தாய். முன்பாதி உனக்குத் தெரியாது. தெரியாமல் வைத்தவள் நான்தான். அடுத்த மாதம் அந்தப் பெண் இந்தக் கதையை நம்பிக்கொண்டு நம் வீட்டுக்குள் வரப்போகிறாள். அதற்குள் நீ முழுதும் தெரிந்துகொள்ள வேண்டும். உன் அப்பாவிடம் சொன்னேன். "இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, பேனா எழுதுகிறதா என்று அவரே கிறுக்கிப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

நீ ஐந்தாவது படித்த வருஷம் அது. செல்போனில் வருகிற அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்று ஆகி, ஊரில் எல்லார் கையிலும் அது வந்துவிட்டிருந்தது. நாம் ஊரப்பாக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். நான் காலை ரயிலில் செங்கல்பட்டு போவேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் எங்கள் பட்டறை. டிப்ளமோ முடித்துவிட்டுத் தொண்ணூறுகளில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கார்டுகளுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்த எனக்கு, செல்போன் டவர் கார்டுகளைப் பழுது பார்க்கும் இந்த வேலை பெரிய ஏற்றம். டவர் என்றால் நீங்கள் எல்லாம் அந்த இரும்புக் கம்பத்தைத்தான் பார்ப்பீர்கள். அதன் காலடியில் ஒரு சின்ன அறை இருக்கும். அதற்குள் அலமாரி மாதிரி ஒன்று, அதில் புத்தகம் அடுக்கியதுபோல் வரிசையாகக் கார்டுகள், அதாவது மின்சுற்றுப் பலகைகள். ஒரு கார்டு செத்தால் சுற்றியுள்ள நாலைந்து ஊருக்குப் பேச்சு நின்றுவிடும். செத்த கார்டு எங்களிடம் வரும், சரிசெய்து அனுப்புவோம். மொத்தம் ஐந்து பேர். முதலாளி சடகோபன் நல்ல மனுஷர்தான், பதற்றக்காரர். தினமும் ஐந்து மணிக்குக் கார்டுகளோடு வண்டி கிளம்பவில்லை என்றால் அவருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

அந்தக் கார்டுகளைப் பைக்கில் எடுத்துக்கொண்டு போய் டவர்களில் பொருத்துகிறவர் குமரேசன். நீ 'பைக் மாமா' என்று கூப்பிட்டவர். டவர்களைப் பராமரிக்கிற கான்ட்ராக்ட் கம்பெனியின் ஆள். அச்சரப்பாக்கம் பக்கம், நாற்பதைத் தாண்டியவர், வயதுக்கு வந்த இரண்டு பெண் பிள்ளைகள். என்னைவிடப் பத்து வயது பெரியவர் என்றாலும் என்னை 'மேடம்' என்பார். மகாபலிபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பு நடுவில் ஒரு டவர் இருந்தது. கடலிலிருந்து கூப்பிடு தூரம். அந்த அறையின் ஏசி அடிக்கடி நின்றுவிடும், காவலாளி கதவைத் திறந்து வைத்துவிடுவார், உப்புக்காற்று நேராக உள்ளே போய்விடும். அங்கிருந்து வரும் கார்டுகளில் பித்தளைப் பாத்திரத்தில் பிடிப்பதுபோலப் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். ஸ்பிரிட் ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்து, விட்டுப்போன இடங்களைப் பற்றவைத்து, கடைசியாகக் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு அடிக்க வேண்டும். உப்பும் ஈரமும் செம்பைத் தொட்டு மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிடாமல் காப்பது அந்தப் பூச்சுதான். அது காய ஒரு நாள் ஆகும்.

ஐப்பசி பிறந்திருந்தது. அந்த டவரிலிருந்து மூன்று கார்டுகள் வந்தன. இரண்டுக்குப் பூச்சு அடித்ததும் டப்பா காலியாகிவிட்டது. புது டப்பா சென்னையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். மூன்றாவது கார்டுதான் மற்ற எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கிற கார்டு. சோதனையில் நன்றாகவே ஓடியது. முதலாளி வாசலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தார். "ஆச்சாம்மா? ஆச்சா?" நான் நோட்டில் 'பூச்சு' என்ற கட்டத்தில் டிக் அடித்து, பக்கத்தில் என் இனிஷியலைப் போட்டேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை, முகுந்தா. இதை நீ நன்றாக மனதில் வாங்கிக்கொள். 'பூச்சு இல்லை' என்று எழுதியிருந்தால் முதலாளி இரண்டு வார்த்தை கத்தியிருப்பார், கார்டு இரண்டு நாள் கழித்துப் போயிருக்கும். அவ்வளவுதான் ஆகியிருக்கும். ஒரு மாதம் தாங்கும், அடுத்த முறை வரும்போது அடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு ரயிலைப் பிடித்தேன். உனக்கு அன்று முறுக்குகூட வாங்கி வந்தேன்.

மூன்று வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலை அந்த டவர் செத்துப்போனது. குமரேசன் கொட்டுகிற மழையில் போனார். அலமாரிக்கு மின்சாரத்தை நிறுத்தி, கார்டுகளை இருந்த இடத்திலேயே பார்த்து, மறுபடி சுவிட்சைப் போட்டார். சுவிட்சும் அந்தக் கார்டும் ஒட்டினாற்போல் இருக்கும். போட்ட நொடியில் கார்டு வெடித்து நெருப்பு அவருடைய வலது கையில் அடித்தது. கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் வெந்துபோயின. காவலாளி மீன் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். மதியம் மூன்று மணிக்கு எங்களுக்குத் தகவல் வந்தது. "எந்தக் கார்டாம்?" என்று கேட்டேன். பதில் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

பதினைந்து நாள் கழித்து கான்ட்ராக்ட் கம்பெனி ஆபீசில் விசாரணை. மின்சாரம் இருக்கும்போதே குமரேசன் கார்டை உள்ளே தள்ளினார், அது விதிக்கு விரோதம் என்பது அவர்கள் கட்சி. கார்டு ஏற்கனவே உள்ளேதான் இருந்தது, நான் தொடவே இல்லை என்பது அவர் கட்சி. காவலாளி வெளியே நின்றதால் பார்த்தவர் யாரும் இல்லை. ஆகவே கார்டு நல்ல கார்டா என்பதில் வந்து நின்றது எல்லாம். என்னைக் கூப்பிட்டார்கள். முதலாளியும் வந்திருந்தார். குமரேசன் ஒரு ஸ்டூலில், கட்டுப் போட்ட கையை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிகாரி எங்கள் நோட்டை என் பக்கம் திருப்பினார். "இது உங்க கையெழுத்துதானே? பூச்சு போட்டீங்களா?"

"போட்டேன் சார்."

குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது. நான் எழுந்து வருவதற்குள் குமரேசன் அதிகாரியைப் பார்த்துச் சொன்னார்: "மேடம் கை வெச்ச கார்டுல குறை இருக்காது சார். அவங்கள இழுக்காதீங்க. கோளாறு வேற எங்கியோ கீது." தன் கழுத்துக்குச் சுருக்கு போடுகிற வார்த்தை அது என்று அவருக்குத் தெரியவில்லை. கார்டில் குறை இல்லை என்றால் குறை அவரிடம்தான். அன்று சாயங்காலமே வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அந்த மாதத்தில் நடந்த இன்னொன்று உனக்கு ஞாபகம் இருக்கும். பாலை வாஷ்பேசினில் கொட்டிவிட்டு, குடித்துவிட்டேன் என்று சொன்னாய். நான் அடித்த அடியில் உன் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்தது. "பொய் சொல்வியா? பொய் சொல்வியா?" என்று கத்தினேன். அப்பா ஓடிவந்து கையைப் பிடித்தார். ஒரு டம்ளர் பாலுக்கு யாராவது அப்படி அடிப்பார்களா? நீ மறந்திருந்தாலும் உன் கன்னத்திடம் நான் பட்ட கடன் அது. உனக்குக் குழந்தை பிறந்து, என்றாவது அதன் மேல் அளவுக்கு மீறிக் கோபம் வந்தால், கையை ஓங்குவதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று, நான் யார்மேல் கோபமாக இருக்கிறேன் என்று கேட்டுக்கொள்.

கட்டு அவிழ்த்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குமரேசன் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். தெரிந்துகொண்டு வந்துவிட்டார் என்றே நினைத்தேன். அவர் உள்ளே வந்து தயங்கித் தயங்கிச் சொன்னது வேறு. "இந்தக் கைய வெச்சிகினு டவர் வேல இனிமே ஆவாது மேடம். கட்டவெரலு மடங்க மாட்டேங்குது. எடது கை நல்லா கீது. கார்டு ரிப்பேரு கத்துக் குடுத்தீங்கன்னா எங்கனா ஒக்காந்து பொழச்சிக்குவேன். ஒங்கள வுட்டா எனக்கு யாரையும் தெரியாது." நான் உடனே சரி என்றேன். நன்றி சொல்லி அவர் கும்பிட்டபோது மடங்காத அந்த விரல் தனியாக நின்றது.

அப்படித்தான் அவர் நம் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். ஆறு ஞாயிற்றுக்கிழமை. நீ வாசலிலேயே காத்திருப்பாய். "இன்னா நைனா, படிச்சிகினு கீறியா, ஆடிக்கினு கீறியா?" என்று கேட்டுக்கொண்டே வருவார். உன் சைக்கிள் செயினை இடது கையால் மாட்டிக் கொடுத்தார். சாப்பாட்டு மேஜையில் பழைய கார்டுகளைப் பரப்பி நான் சொல்லிக்கொடுப்பேன். இடது கையால் பற்றவைப்பது எவ்வளவு சிரமம் தெரியுமா? முதல் இரண்டு வாரம் ஈயம் எல்லா இடத்திலும் வழிந்தது. மனுஷர் விடவில்லை. அவர் தேறத் தேற எனக்கு ஒரு நிம்மதி வந்தது. செய்ததற்கு ஈடு கட்டிவிட்டேன், இவருக்கு ஒரு பிழைப்பு கிடைத்துவிட்டால் சொல்லவே வேண்டாம் என்று மனசு கணக்குப் போட்டது. முகுந்தா, நல்லது செய்துகொண்டே ஒரு பொய்யைக் காப்பாற்ற முடியும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. அப்பா அந்த நாட்களில் என்னிடம், "ரொம்ப நல்ல காரியம் பண்றே" என்றார். அவருக்கும் அப்போது தெரியாது.

ஏழாவது ஞாயிறு பூச்சைப் பற்றிய பாடம். அதைத் தவிர்க்கத்தான் பார்த்தேன். அவரே கேட்டுவிட்டார். பட்டறையிலிருந்து ஊதா விளக்கு ஒன்றைக் கொண்டுவந்திருந்தேன், கள்ள நோட்டு பார்ப்பார்களே, அந்த மாதிரி. ஜன்னல்களைச் சாத்திவிட்டு அந்த வெளிச்சத்தில் ஒரு கார்டைக் காட்டினேன். பூச்சு இருக்கும் இடமெல்லாம் நீலமாக மினுங்கியது. பூச்சு இல்லாத இன்னொன்று இருட்டாகவே கிடந்தது. "அட, ஏமாத்தவே முடியாதா இத?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. பையை இழுத்து, பழைய லுங்கித் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். வெடித்த கார்டு. சம்பவத்தன்று காவலாளி அறையைப் பெருக்கும்போது எடுத்து வைத்திருந்து, பிறகு அவரிடம் கொடுத்திருக்கிறார். விசாரணையில் அதை யாரும் கேட்கவே இல்லை.

"இத்த ஒரு தபா பாத்துடலாம் மேடம். கோளாறு எங்கன்னு எனக்கும் தெரியணும்ல."

விளக்கு என் கையில் இருந்தது. கரண்ட் போய்விடாதா என்று நினைத்தேன். கை தவறிக் கீழே போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிடித்தேன். கார்டு முழுதும் இருட்டு. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "நெருப்பு பட்டா பூச்சும் போயிடுமா மேடம்?"

எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு அவர் காத்திருந்தார். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பியிருப்பார். அவர் கார்டைத் திருப்பி மறுமூலையை விளக்கடியில் நகர்த்தினார். அங்கே பட்டறையில் நான் இனிஷியல் எழுதி ஒட்டிய சீட்டுகூடக் கருகாமல் இருந்தது. "இங்க எரியலியே" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

"போடல" என்றேன்.

"வெசாரணைல கேட்டாங்களே?"

"ஆமா."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு உங்களுக்காகப் பேசனவன் நான் ஒர்த்தன்தான் மேடம்" என்றார். எழுந்தார். நான் வைத்த காபி அப்படியே ஆறிக் கிடந்தது. நீ தெருமுனை வரை அவர் பின்னால் ஓடினாய். திரும்பி வந்து, மாமா ஏன் பேசாமல் போகிறார் என்று கேட்டாய். ஊரில் அவசர வேலை என்றேன். அவர் ஏன் அப்புறம் வரவே இல்லை என்று நீ கேட்ட ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று சொன்னேன். ஒன்றும் நிஜமில்லை.

கார்டு மேஜையிலேயே இருந்தது. மறந்து விட்டுப்போனாரா, வேண்டுமென்றே விட்டுப்போனாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் பக்கம் இருந்த ஒரே சாட்சி அது. அன்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "ஏரியில போட்டுடு. அவர் கையும் திரும்பி வராது, நீ சொல்றதால" என்றார். அப்பாவைத் தப்பாக நினைக்காதே. பயந்தவர் பேச்சு அது, நானும் அதே பயத்தில்தான் இருந்தேன். போடவும் இல்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. மூன்று நாள் அந்தக் கார்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. சோறு வடிக்கிற ஒவ்வொரு வேளையும் அதைப் பார்த்தேன்.

நாலாம் நாள் பட்டறையில் வேறு ஒரு கார்டை முடித்துவிட்டு நோட்டைப் பிரித்தேன். அந்தக் கார்டுக்கு உண்மையாகவே பூச்சு அடித்திருந்தேன். கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். நிஜத்தை எழுதுவதற்கே என் கை ஒத்துக்கொள்ளவில்லை. எழுந்து முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "எங்கிட்ட சொல்லிட்டே இல்ல, போதும். வெளிய போனா கான்ட்ராக்டே போயிடும்மா. அஞ்சு குடும்பம்." மறுநாள் கார்டைத் துணியோடு எடுத்துக்கொண்டு கான்ட்ராக்ட் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். அதே அதிகாரி. "போட்டேன்னு சொன்னது பொய் சார்" என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன்.

இங்கிருந்துதான் நீ சொல்கிற கதை ஆரம்பிக்கிறது. அதிலும் நீ விட்டது ஒன்று உண்டு. எனக்கு மட்டும் வேலை போகவில்லை. கான்ட்ராக்ட் ரத்தானதும் பட்டறையை மூடிவிட்டார்கள். கூட இருந்த மூன்று பேரும் வேலை இழந்தார்கள், முதலாளியும் தெருவுக்கு வந்தார். அவர்களில் ஒருத்தி ரயிலில் என்னைப் பார்த்தால் அடுத்த பெட்டிக்கு மாறி ஏறுவாள். அவள் செய்த தவறு என்ன, சொல்? அந்த நோட்டில் அன்றைக்கே இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் இவர்கள் எல்லாரும் அவரவர் நாற்காலியில் இருந்திருப்பார்கள். நான் உண்மை சொன்னது வீரம் இல்லையப்பா. ரொம்பத் தாமதம். தாமதமானதால் மற்றவர்களும் சேர்ந்து விலை கொடுத்தார்கள். நாளைக்கு உன் மனைவியிடம் சொல்ல முடியாத ஒன்று உனக்கு நேரலாம். மனுஷப் பிறவி, நேரும். அன்றைக்கே சொல்லிவிடு. அவள் கத்தட்டும்.

குமரேசன்மேல் குற்றமில்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை. சில வருஷம் கழித்து அச்சரப்பாக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நீ காலேஜில் சேர்ந்த வருஷம், மதுராந்தகம் வரை ஒரு கல்யாணத்துக்குப் போனவள் மனசு கேட்காமல் அடுத்த பஸ் ஏறி அங்கே போனேன். ரோட்டோரம் சின்னக் கடை. இடது கையால் வேலை செய்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "வாங்க மேடம்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ சொன்னார். மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றார். "நைனா இன்னா படிக்குது?" என்று கேட்டார். இஞ்சினியரிங் என்றேன். சந்தோஷப்பட்டார், அது நிஜமான சந்தோஷம். டீ குடித்து முடித்ததும் நான், "குமரேசன் சார், அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் அந்த மடங்காத விரலோடு கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அத்தப் பேச வாணாம் மேடம். பேசினா நான் மன்னிச்சிட்டேன்னு சொல்லணும். எனக்கு இன்னும் அது வரல. வாய் வார்த்தைக்கு சொல்ல எனக்கு இஷ்டம் இல்ல. வந்துச்சின்னா நானே சொல்லியனுப்பறேன்."

சரி என்று எழுந்து வந்தேன். பஸ் வரும்வரை அவர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

இன்னும் சொல்லியனுப்பவில்லை.

இதைப் படித்ததும் எனக்குப் போன் செய்யாதே. இரண்டு நாள் கோபப்படு. பிறகு அந்தப் பெண்ணிடம் படிக்கக் கொடுப்பதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். கொடுப்பதானால் முழுதாகக் கொடு.

உன் அம்மா